பொண்டி வீட்டுப் படலையில் செவ்வந்தி

ஒக்டோபர் 29, 2015, வியாழன்

தூறல். லா சப்பல் தெருவெல்லாம் பிசுபிசுப்பு. மரக்கறிக் கடை முதலாளியிடம் மூன்று நாள் லீவு சொல்லியாயிற்று. நான் இல்லாமல் அந்தக் கடை நாளை மதியமே இடிந்து விழும். விழட்டும்.

காரணம் ஞாயிற்றுக்கிழமை. புறநகர்ப் பொண்டியில் அக்கா வீட்டுக்கு ஜூலியனின் தாய் முதன்முதலாய் வருகிறார். அக்காவின் மகள் சுபா கட்ட விரும்பும் பிரெஞ்சுப் பெடியன் ஜூலியன். அக்கா இரண்டு வருடம் மாட்டேன் என்று நின்று, இப்போதுதான் அரைத் தலை ஆட்டியிருக்கிறாள். மற்ற அரை ஞாயிறன்று.

போனில் அக்கா, சொன்னபடியே:

"அந்த மனுசி எங்கட வீட்டைப் பாத்து முகம் சுளிச்சால் இந்தக் கதை அதோட முடிஞ்சுது. விளங்குதோ? சமையல் நான். வாசல் படலையும் முற்றமும் உன்ர பொறுப்பு. பகிடி விடாமல் செய்."

பிறகு சுபா: "மாமா, இலையுதிர் காலத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் பூ, கொஞ்சம் இலை. அவ்வளவு காணும்."

கொஞ்சம். என்னிடம். வெர்சாய் மாளிகைத் தோட்டக்காரன் வந்து காலில் விழுந்து தொழில் கேட்காவிட்டால் நான் என் பெயரை மாற்றிக்கொள்வேன்.

ஒக்டோபர் 30, வெள்ளி

வானம் வெளித்துவிட்டது. கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்துப் பூக்கடை.

உள்ளே போனால் கூரை முட்டச் செவ்வந்தி. மஞ்சள், வெள்ளை, ஊதா, மாந்தளிர் நிறம். பிரான்சு தேசமே சுபாவின் சம்பந்தத்துக்கு ஆயத்தமாகி நின்றது. மாலைக்குப் பூ, பூசைக்குப் பூ, கலியாணத்துக்குப் பூ. வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு சட்டி.

கடைக்காரப் பெண் மெதுவாய்க் கேட்டாள். "குடும்பத்துக்கா, முசியூ?"

"வி, ஓம், முழுக் குடும்பத்துக்கும்."

"எல்லாரும் ஒரே இடத்திலா?"

"ஒரே இடம்தான், மதாம்."

நெஞ்சில் கை வைத்தாள். ஒரு சட்டி இலவசமாய்த் தந்தாள். இந்த நகரத்தில் எனக்கு எவரும் ஒரு கறிவேப்பிலைக் காம்புகூடச் சும்மா தந்ததில்லை.

கடைத் தள்ளுவண்டியில் அடுக்கி ரயில். சனம் விலகி வழிவிட்டது. ஒரு கிழவர் எழும்பி இடம் தந்து, தொப்பியைக் கழற்றி, "கூராஜ், முசியூ" என்றார். தைரியமாய் இருக்கட்டாம். பாரம் இழுக்கிறவனுக்குச் சொல்லும் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். கையசைத்தேன். ராஜ பவனி.

படலைக்கு இரு பக்கமும், படிக்கட்டு நெடுகவும் வைத்து முடித்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள். "மங்களகரமா இருக்கடா." நான் பிறந்த நாளிலிருந்து அவள் வாயில் வந்த முதல் புகழ்ச்சி.

பின்னேரம் சுபா வேலையால் வந்தாள். படலையில் நின்றவள் நின்றபடி.

"மாமா, உது ஆர் வைச்சது?"

"உலகம் போற்றும் உன் மாமன்."

"இஞ்சை கிரிசாந்தெம் செத்தாக்களுக்கு வைக்கிறது. ஞாயிறு துசான். எல்லாரும் உந்தப் பூவோட சவக்காலைக்குப் போற நாள். ஜூலியன்ர அப்பா செத்து இன்னும் வருசம் திரும்பேல்லை."

இருபது வருடம் இந்த நாட்டில். துசான் என்றால் கடை பூட்டுகிற நாள் என்று மட்டும் தெரியும். எங்கள் சனத்தை எரிக்கிறோம். சவக்காலைப் பக்கம் போகும் தேவை எனக்கு வரவேயில்லை. பூக்கடைப் பெண் ஏன் நெஞ்சில் கை வைத்தாள் என்று இப்போது விளங்கியது. அவளுடைய கணக்கில் என் முழுக் குடும்பமும் ஒரே குழியில்.

அக்கா குசினியில் எல்லாம் கேட்டுவிட்டாள். அடுப்பை நூர்த்தாள். "அப்ப நாளும் சரியில்லை, பூவும் சரியில்லை. வரவேண்டாமெண்டு சொல்லு."

"இப்ப மறிச்சால் நாங்கள் வேண்டாமெண்டு சொல்றம் எண்டுதான் நினைப்பா, அம்மா."

அக்கா குசினி லைட்டையும் அணைத்தாள். சுபா பிரெஞ்சில் ஏதோ சொல்லி அறைக் கதவைச் சாத்தினாள். பகிடி ஒன்றும் நாக்கில் வரவில்லை.

ஒக்டோபர் 31, சனி

பனிப்புகார். செய்ய வேண்டியவை:

— செவ்வந்தியை ஒளிக்க. பின்முற்றம் சரிவராது, சாப்பாட்டு மேசைக்கு நேரே யன்னல். குப்பையில் போட அக்கா விடமாட்டாள், பூசைப் பூ. முடிவு: குளியல் தொட்டி. பதின்மூன்றும் உள்ளே, திரையை இழுத்தாயிற்று.

— சிவப்பு இலை. ஸ்டாலின்கிராட் மெட்ரோ வரை போய்க் கால்வாய்க் கரையில் ஒரு பை நிறையப் பொறுக்கல்.

— பூசணி. கடையில் மிஞ்சியது பேய் முகம் வெட்டியவை மட்டும். வாங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். தண்டனை பெற்ற பிள்ளைகள் மாதிரி மூன்று பூசணி. என்னோடு நாலு.

அக்கா சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். காணுமோ, இன்னும் வேணுமோ என்று கேட்கவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

குளிர் வெயில். ஜூலியனும் தாயும் சரியான நேரத்துக்கு வந்தார்கள். மதாம் சின்ன உருவம், சாம்பல் நிறக் கோட்டு. படலையில் இலைகளைப் பார்த்து "அழகு" என்றார். அவ்வளவுதான்.

மேசையில் ஒரு வடையை நாலாய்ப் பிய்த்து ஒரு துண்டுதான் சாப்பிட்டார். அடிக்கடி யன்னலைப் பார்த்தார். அக்கா அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கை கழுவ எங்கே?" என்றார்.

ஜூலியன் எழும்பிக் குளியலறைக் கதவைக் காட்டினான். அவனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கதவு சாத்திய சத்தம். திரை வளையம் கிறீச்சிட்ட சத்தம். பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர்கூடத் திறக்கவில்லை. சுபா என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்க. அக்கா கண்ணை மூடினாள்.

வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் மஞ்சள் செவ்வந்திச் சட்டி ஒன்று. நிற்காமல் பேசினார். சுபா அக்காவிடம் தமிழில் திருப்பிச் சொன்னாள்:

"இண்டைக்கு மனுசனிட்டைப் போகாமல் இஞ்சை வந்தது மனசைக் குத்திக்கொண்டே இருந்ததாம். நாங்கள் அது தெரிஞ்சு, அவவுக்காகப் பூ எடுத்து வைச்சிருக்கிறம் எண்டு நினைக்கிறா, அம்மா."

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திவிட்டாள். "ஓம் எண்டு சொல்லு." பிறகு, "ஒண்டு காணாது. தம்பி, இன்னொண்டு எடு. எல்லாருமாய் அந்த மனுசனிட்டைப் போவம்."

எங்கள் பெண்கள் சுடலைப் பக்கம் போவதில்லை. அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு ஜூலியனின் காரில் ஏறினாள்.

சவக்காலை வாசலில் காவல்காரன் என் மடியிலிருந்த சட்டிகளைப் பார்த்தான். "கூராஜ், முசியூ."

"மெர்சி" என்றேன். கையசைக்கவில்லை.

கல்லறையடியில் மதாம் அக்காவின் கையைக் கோத்துக்கொண்டார். அக்கா பின்னால் நின்ற எனக்குச் சொன்னாள்: "வீட்டுக்குள்ளை கால் வைக்க முதல் எல்லாரும் தலை முழுகோணும்."

மதாம் என்னவென்று கேட்டார். சுபா தயங்கித் தயங்கி விளக்கினாள். மதாம் அக்கா பக்கம் திரும்பினார்.

"நானும் வந்து முழுகலாமா?"

அக்கா தலையாட்டினாள். இந்த முறை முழுத் தலை.

தொட்டிக்குள் இன்னும் பதினொரு சட்டி. காரில் ஏறும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.