நாலு விரல் உசந்த சீட்டு

மௌலா அலி, ஹைதராபாத்
வியாழக்கிழமை

கண்ணு மனோஜுக்கு, அப்பன் எழுதறது. இங்க நானு, உங்கம்மா, உம்பொண்டாட்டி ஹர்ஷிதா, கொல்லையில இருக்கற அத்தனை செடிங்க, எல்லாரும் சௌக்கியம், வண்டி ஒண்ணுதான் படுத்துக் கெடக்குது. அங்க நீயும் உன் கப்பலும் தண்ணிக்கு மேலதான் இருக்கீங்கன்னு நம்பறேன். ஃபோன்ல பேசலாம்னா நீ நடுக்கடல்ல இருக்கற, பேசற பத்து வார்த்தையில எட்டை மீனு தின்னுருது. அதான் உன் கப்பல்ல சேர வர்ற சைனிக்புரி தினேஷ் கையில இதைக் குடுத்தனுப்பறேன். அவன் பெட்டியில உங்கம்மா பருப்புப்பொடியும் முறுக்கும் வச்சிருக்கா. கடுதாசி வந்து முறுக்கு வரலைன்னா அவனைப் புடிச்சுக் கேளு, பையன் நல்லவன்தான், ஆனா வழி நெம்ப தூரம் பாரு. எழுத்துல தப்பு இருந்தா அது நான் எட்டாங்கிளாசோட நின்னதால இல்ல, கப்பல் ஆடுன ஆட்டத்துல எழுத்து கலைஞ்சுருச்சுன்னு நெனச்சுக்க.

விசயத்துக்கு வர்றேன். போன தடவை சிங்கப்பூர்ல நின்னப்ப, பழைய எஞ்சின் போனாப் போகுது, டர்போ வச்ச பெரிய எஞ்சினா மாத்திருங்கப்பா, நம்ம சிநேகிதன்கிட்ட ஒண்ணு சொல்லி வைக்கறேன்னு சொன்னயே, அது வேண்டாம்னு சொல்லத்தான் இந்தக் கடுதாசி. பதறாத, முழுசாப் படி. எந்த எஞ்சினுங்கறது இப்பப் பெரிய விசயமே இல்ல சாமி, அந்த வண்டிய இனிமே உம்பொண்டாட்டி ஓட்டுவாளா மாட்டாளாங்கறதுதான் விசயமாப் போச்சு. உனக்குத் தெரியாதது இல்ல, ஆனாலும் உப்புக்காத்துல மறந்திருப்பேன்னு மொதல்ல இருந்து சொல்றேன். சர்க்கரை கண்ணுக்கு ஏறி எனக்கு லைசென்சு புதுப்பிக்க முடியாமப் போனப்புறம் அந்த பிக்கப் போர்ட்டிக்கோவுல சும்மா நின்னுச்சு, நானும் அதும்பக்கத்துல நாக்காலி போட்டு சும்மா உக்காந்திருந்தேன், ரெண்டு பேர்த்தையும் உங்கம்மா தொடைச்சுத் தொடைச்சு வச்சா. நீ தாலி கட்டின மஞ்சள் காயறதுக்குள்ள கப்பலேறிட்ட. அந்தப் புள்ள போலாரத்துல அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கலாம், போகல. ஒரு நாள் சாவியக் கையில எடுத்துட்டு வந்து, மாமா இதை ஓட்டக் கத்துக்கறேன்னு சொன்னா. லாரிய ஓட்டற ஒசரமா நீயின்னு நான் சிரிச்சேன். இன்னிக்கு மாதாப்பூர் ஆபீசுக்கெல்லாம் அவதான் செடி வாடகைக்கு விடறா. அந்த ஏசிக்குள்ள ஒரு வாரம் நின்னு வெளிறிப்போன செடிங்கள ஏத்திட்டு வந்து நம்ம பச்சை வலைக்கடியில படுக்க வச்சுட்டு, தெம்பா இருக்கறதுங்கள ஏத்திட்டுப் போறா. திரும்பி வர்ற செடிங்களைப் பாத்தா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த சாப்ட்வேர் பசங்களாட்டவே இருக்கும், தொட்டிக்குள்ள காப்பி வேற ஊத்தியிருப்பானுங்க. அதுங்களுக்குத் தண்ணி ஊத்தி நாலு வார்த்தை தமிழ்ல பேசி ஆளாக்கறது என் சோலி.

போன மாசம் ஈரத்தொட்டி முழுசா ஏத்திட்டு மேம்பாலத்துல ஏறறப்ப எஞ்சின் டொக்கு டொக்குன்னு சத்தம் போட்டு, வெள்ளப் பொகை கக்கி, நடுப்பாலத்துல நின்னுருச்சு. கட்டியிழுத்துட்டு வந்தோம். நம்ம தெரு முக்குல ஷெட்டு வச்சிருக்கானே சலீம், என்னைச் சித்தப்பா முறையில சாச்சான்னு கூப்புடறவன், அவன் தொறந்து பாத்துட்டு, சாச்சா இதுல இனிமே ஒண்ணும் இல்ல, மாத்தித்தான் ஆகோணும்னுட்டான். அவன் ஷெட்டுல எடமில்ல, நம்ம போர்ட்டிக்கோ இரும்புப் பீம்ல எஞ்சின் தூக்கற செயின் பிளாக் மாட்டி இங்கயே மாத்திக்கலாம்னு நாந்தான் சொன்னேன். ரயில்வே லோகோ ஷெட்டுல வேலை பாத்தப்ப எத்தனை எஞ்சின் தூக்குனதைப் பாத்தவன் நான், தூக்குனது வேற ஆளுங்க, ஆனா பாத்தது நான்தானே. நீ சொன்ன டர்போவைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல்லு. சலீம்தான், எதுக்கு சாச்சா இத்தனை பெரிசுன்னு கேட்டான். எம்பையன் கப்பல்ல மூணு மாடி எஞ்சினைக் கட்டி மேய்க்கறவன்டா, அவன் சொன்னாத் தப்பாதுன்னு உன் பேரை வச்சு அவன் வாயை அடைச்சேன். வண்டி பதியற ஆர்டிஏ ஆபீசுல பெரிய எஞ்சினுக்கு எழுதி வாங்கறது கஷ்டம்னான், அதையும் காதுல வாங்கல. பொங்கலுக்கு மாட்டுக்குக் கொம்பு தீட்டறாப்பல நான் அந்த எஞ்சினுக்கு மனசுக்குள்ள பெயிண்ட் அடிச்சிட்டிருந்தேன்.

நம்ம வண்டியில எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கறது உனக்குத் தெரியும். டர்போ ஒசரம் ஜாஸ்தி, சீட்டு மூடி எவ்வளவு எந்திரிக்கும்னு பாக்கறதுக்கு அந்த ஒசரத்துக்குச் செங்கல்லும் பலகையும் அடுக்கி, மேல சீட்டை வச்சோம். நாலு விரல் உசந்து நின்னுச்சு. நான் ஏறி உக்காந்து பாத்தேன், கூரை மண்டையில இடிச்சுது, ஆனா சும்மா சொல்லக் கூடாது, கலெக்டராட்ட இருந்துச்சு. சலீமும் பேஷ்னான். அந்நேரம் பாத்து ஹர்ஷிதா வாடகை ஆட்டோவுல செடி எறக்கிட்டு வந்தா. வா அம்மணி, உன் சிம்மாசனம் ரெடின்னு நான்தான் கூப்பிட்டு உக்கார வச்சேன். உக்காந்தா. கால் ரெண்டும் அந்தரத்துல தொங்குது. கிளச்சைச் செருப்பு நுனி தொடுது, அமுத்தறதுக்கு வரல. நுனிக்கு நகந்து அமுத்திப் பாத்தா, ஸ்டீரிங் வயித்துல குத்துது. தொட்டில்ல உக்காந்த கொழந்தைன்னு நான் சிரிச்சேன், சலீம் சிரிச்சான், அவளும் ஆமா மாமான்னு சிரிச்சுட்டே எறங்கிப் போயிட்டா. போயி செடிக்குத் தண்ணி ஊத்துனா, ஒரே தொட்டிக்கு ஊத்திட்டே நின்னா, தண்ணி வழிஞ்சு வாசல் வரைக்கும் வந்துருச்சு, அப்பவும் நகரல. சாயங்காலம் உங்கம்மாகிட்ட, அத்தை புது எஞ்சின் வந்ததும் டிரைவர் ஒருத்தரைப் போட்டுக்கலாம், நான் வீட்டுல இருந்து ஃபோன் மட்டும் பாத்துக்கறேன்னு சொல்லிருக்கா. கோவமாச் சொன்னாளான்னு கேட்டேன். இல்லீங்க, சிரிச்சுட்டேதான் சொன்னா, அதான் எனக்குச் சரியாப் படலைன்னா உங்கம்மா.

நானும் விடல. சீட்டை முன்னால தள்ள முடியுமான்னு சலீம்கிட்டக் கேட்டேன், அது எஞ்சினுக்கு மூடி சாச்சா, எங்க தள்றதுன்னான். எஞ்சினைக் கீழ எறக்கலாமான்னேன், ஸ்பீடு பிரேக்கர்ல அடிவயிறு ஒடையும்னான். பெடலுக்கு மேல கட்டை வச்சுக் கட்டலாம்னேன், அந்த ஒண்ணுக்கு மட்டும் சலீமுக்கு நெசமாவே கோவம் வந்துருச்சு, நக்கோ சாச்சா, வேண்டவே வேண்டாம், கட்டை நழுவினா பிரேக் யாரு புடிக்கறது, அந்தப் புள்ளை எனக்கும் தங்கச்சிதான்னு ஸ்பேனரைக் கீழ போட்டுட்டான். நான் குனிஞ்சு ஸ்பேனரை எடுத்து அவன் பெட்டியில வச்சேன். அப்ப உங்கம்மா அடுப்படியில இருந்து வந்து சொன்னா, ஏனுங்க, எஞ்சினுக்கு வரன் பாக்கறாப்பல ஊரையே கேட்டீங்க, கடல்ல இருக்கறவனைக் கேட்டீங்க, ஓட்டறவளை ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு. உங்கம்மா சொன்னா எனக்கு எப்பவும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஒறைக்கும், இது அங்கயே ஒறைச்சுருச்சு.

அதனால மறுநாள் ஹர்ஷிதாவை நாக்காலி போட்டு உக்கார வச்சுக் கேட்டேன், வண்டியில உனக்கு என்னதான் கஷ்டம் அம்மணின்னு. மொதல்ல ஒண்ணும் இல்ல மாமான்னா. அவ பொய் சொன்னா மூக்கு சுருங்கும், நீ கவனிச்சிருக்கயோ என்னமோ. நீ சொல்லலைன்னா உம்புருசனுக்கு நானே உன் பேர்ல காதல் கடுதாசி எழுதிருவேன்னேன், அப்பறம் கொட்டுனா பாரு. வேகமே அவளுக்கு வேண்டாமாம், செடிய வச்சுக்கிட்டு யாரு வேகமாப் போவா, எலையெல்லாம் கிழிஞ்சுருமாம். வெயில் காலத்துல சீட்டு அடியில அனல் ஏறி ஒடம்பு வேகுதாம், ஈரச் சாக்கை மடிச்சுப் போட்டு உக்காந்து ஓட்டியிருக்கா, ரெண்டு வருசமா நமக்குத் தெரியல கண்ணு. கிளச்சு கல்லாட்ட இருக்கறதால சாயங்காலம் முட்டி வீங்குதாம். ஏத்தத்துல எஞ்சின் சூடாயிருமோன்னு நெஞ்சு அடிச்சுக்குமாம், அதுக்கு பயந்து பாதித் தொட்டியத்தான் ஏத்துவாளாம், அன்னிக்கு ஆபீஸ்காரங்க அவசரப்படுத்துனதாலதான் முழுசா ஏத்தினாளாம். இதையெல்லாம் சொல்லிட்டு, ஆள் போட்டு ஓட்டிக்கலாம் மாமா, ஆனா நானே ஓட்டிட்டு மேம்பாலத்து மேல ஏறறப்ப ஊரே கீழ தெரியும், அது இல்லைன்னா மட்டும் கொஞ்சம் இதுவா இருக்கும்னு சொன்னா. எதுவா இருக்கும்னு நான் கேக்கல.

முடிவு என்னன்னா, இருந்த அளவுலயே புது எஞ்சின், அதுக்கு ஆர்டிஏ ஆபீசுலயும் தகராறு இல்ல. ரேடியேட்டர் மட்டும் பெரிசு, சீட்டு அடியில அனல் தாங்கற தகடு ஒண்ணு, கிளச்சுக்கு லேசா அமுங்கற செட்டு. சலீம் இன்ச் டேப்பை எடுத்து மொதல்ல ஹர்ஷிதா இடுப்புல இருந்து குதிங்கால் வரைக்கும் அளந்து செவுத்துல சாக்பீஸ்ல எழுதினான், அதுக்குக் கீழதான் எஞ்சின் அளவை எழுதினான். நீ மெக்கானிக்கா டெய்லரான்னு கேட்டேன், நீங்க மொதல்லயே டெய்லராயிருந்தா செங்கல்லு மிச்சம் சாச்சான்னான். ஞாயித்துக்கெழமை பழசு எறங்குது, புதுசு ஏறுது. உன் சிநேகிதனுக்கு நானே ஃபோன் போட்டு டர்போ வேண்டாம்னு சொல்லிட்டேன். இது உன் கைக்கு வர்றப்ப புது எஞ்சின் ஓடிட்டிருக்கும், நீ கோவிச்சுக்கிட்டாலும் பிரயோசனம் இல்ல. உன்னையும் குத்தம் சொல்லல சாமி, கப்பல் எஞ்சின் மேல யாரும் உக்காந்து ஓட்டறதில்ல, உனக்கெப்படித் தோணும்.

இன்னொண்ணு சொல்லோணும். கண்ணு மங்குனப்ப, இனி நமக்கு விட்டத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுதான்னு நெனச்சேன். அந்தப் புள்ள என்னைப் புதன்கிழமை புதன்கிழமை பக்கத்துல ஏத்திட்டுப் போறா. மாதாப்பூர் வாட்ச்மேனுங்க எனக்கு சலாம் வைக்கறாங்க. எந்தச் செடி எந்த ஆபீசுக்குப் போகோணும்னு என்னைத்தான் கேக்கறா, அவளுக்கே நல்லாத் தெரியும், இருந்தாலும் கேக்கறா. இதுக்கு நன்றின்னு அவகிட்ட நேர்ல சொன்னா, என்ன மாமா சுகர் ஏறிருச்சான்னு மிசினை எடுத்துட்டு வந்துருவா. அதான் உன்கிட்டச் சொல்றேன், நீ இந்தப் புள்ளையக் கூட்டிட்டு வந்ததுக்கு எங்க ரெண்டு பேர்த்துக்கும் நெஞ்சு நெறஞ்சு கெடக்குது. அடுத்த துறைமுகத்துல சிக்னல் கெடச்சா மொதல்ல அவளுக்குப் பேசு, எனக்கு அப்பறம் பேசிக்கலாம். ஆனா, நீயே ஓட்டிக்கன்னு அனுமதி குடுக்கறாப்பலப் பேசிராத, கப்பல் விட்டு எறங்கி வந்ததும் உன்னைத் தொட்டியில நட்டு வச்சுருவா. முட்டி வலி எப்படியிருக்குன்னு மட்டும் கேளு.

கடல் உன்னைப் பத்திரமாப் பாத்துக்கட்டும், நீ எண்ணெய்க் கையோட சோறு திங்காத, ராத்திரி டூட்டியில காதுக்குப் பஞ்சு வச்சுக்க, உங்கம்மா மூணு தடவை சொல்லச் சொன்னா, நான் ஒரு தடவை எழுதிருக்கேன், நீ மூணு தடவை படிச்சுக்க. முருகன் தொணை. நேத்து ஹர்ஷிதா, டிரைவர் வேண்டாம் மாமா, நானே ஓட்டறேன், ஆனா ஒரு கண்டிசன்னா. புதன்கிழமை நான் சும்மா உக்காந்து வரக்கூடாதாம், மொதல்ல குதிச்சு எறங்கிப் பின்கதவு கொண்டியத் தட்டோணுமாம், ரிவர்ஸ் எடுக்கறப்ப ரைட் ரைட்டுங்கோணுமாம், கியரைப் பத்தி வாயே தொறக்கக் கூடாதாம். ஒத்துக்கிட்டேன்.

இப்படிக்கு,
ஹர்ஷிதா வண்டிக் கிளீனர்,
உன் அப்பன்
பழனிசாமி