விரல் நிமிர்ந்த பிறகு

ஓடைப்பட்டி
16.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதினோரு வருடம் கழித்துத் திடீரென்று எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். அக்கம்மாள் அத்தை உங்கள் விலாசத்தோடு போன் நம்பரும் கொடுத்தார். நீங்கள் எடுத்துவிட்டால் என்ன பேசுவதென்று தெரியாமல்தான் கடிதம். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டேன்.

அம்மாவின் வலது மோதிர விரல் மூன்று மாதமாகக் காலையில் எழும்போதெல்லாம் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. இடது கையால் இழுத்தால் ‘டக்’கென்று நிமிரும். வலியில் கண் கலங்கும். திராட்சைக் குலையில் நெருக்கமான காய்களைக் கழிக்க நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிப்பதால் வருவதாம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றவளை நான்தான் கெஞ்சித் தேனிக்கு அழைத்துப் போனேன்.

தசைநார் ஓடும் உறை தடித்திருக்கிறது என்று சொல்லி, டாக்டர் விரலின் அடியில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சர்க்கரை இருப்பதால் சில நாள் அளவு கூடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அழுதாள். “எக்கா, புள்ள பெத்தவுகதானே? இந்த ஊசிக்கா இம்புட்டு அழுக?” என்று நர்ஸ் சிரித்தார்.

பத்தாம் நாள் காலை விரல் தானாக நிமிர்ந்தது. அம்மா விரித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டான்டி.”

“யாரும்மா?”

“பாண்டி. மூணு மாசமா விடியக்காலம் வந்து என் விரலப் புடிச்சுக்கிட்டுக் கிடந்தான். ஊசியப் போட்டுத் தொரத்திட்டீகளே.”

இப்போது அவளே விரலை மடக்கி, திராட்சைக் கொடி கட்டும் சணலால் கட்டிக்கொண்டு படுக்கிறாள். இப்படியே வைத்திருந்தால் விறைத்துப்போகும் என்கிறார் டாக்டர். நான் அவிழ்த்தால், “அன்னைக்குத்தான் விட்டேன். இன்னைக்கும் விடச் சொல்றியா?” என்கிறாள்.

தம்பி பாண்டி வாய்க்காலில் போன ஆடிப்பெருக்கன்று, “கைய விட்டுட்டியேடி” என்று நீங்கள் கரையில் கத்தியது எனக்கும் கேட்டது. அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மாதான் விட்டாளா, அப்பா? இதை மட்டும் எழுதுங்கள்.

அனுசுயா

*

வண்டன்மேடு
2.7.2024

மகள் அனுசுயாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இங்கன மழை விடவில்லை. ஏலத்தோட்டத்தில் வேலை பாதி நாள்தான். நீ பி.எஸ்சி. முடித்ததை லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொன்னேன். “ஒமக்கு மக இருக்காளா?” என்று கேட்டார்கள்.

ஆத்தா, பாண்டியின் ஒரு கை உங்கம்மாவிடம் இருந்தது. இன்னொரு கை என்னிடம் இருந்தது. லோயர் கேம்ப் வாய்க்கால் படியில் தண்ணீர் ஏறியபோது எனக்குக் கால் வழுக்கியது. கம்பியைப் பிடிப்பதற்காக அவன் கையை விட்டேன். முழுப் பாரமும் அவள் ஒரு கையில் விழுந்தது. அவள் விடவில்லை. தண்ணீர்தான் பிடுங்கிக்கொண்டு போனது. கரையேறியதும், யாரும் என்னைக் கேட்பதற்கு முன்னால் நான் அவளைக் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

இதை அவளுக்குப் படித்துக் காட்டு. வருவதற்கு எனக்கு முகமில்லை.

அம்மாவாசி

*

ஓடைப்பட்டி
14.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

படிக்கத் தெரியாவிட்டாலும், கவரில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அம்மா, “அவுகளா? ஒடம்பு சொகமா இருக்காகளா?” என்றாள். படித்துக் காட்ட உட்கார்ந்தேன். மழை விடவில்லை என்பதோடு நிறுத்திவிட்டேன். மீதியை என் வாயால் கேட்டால், அவளைத் தேற்ற நானே கட்டிய கதை என்றுதான் நினைப்பாள்.

விரல் இப்போது பாதிதான் நிமிர்கிறது. நேற்று விடிகாலையில் சணலை அவிழ்க்கப் போனேன். தூக்கத்திலேயே அவள் என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு, “பாண்டி, அப்பா கையவும் விட்ராதய்யா” என்றாள். அந்த இன்னொரு கை யாரிடம் இருந்தது என்பது அவளுக்கு இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள்.

25ஆம் தேதி வியாழக்கிழமை டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்து, கூச்சத்தில் விட்டதை இப்போது கேட்கிறேன். அதற்கு முந்தின நாள் புதன்கிழமைக்குள் வாருங்கள், அப்பா. எனக்கு எழுதியதை அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அனுசுயா