கன்னத்தில் பூத்த உப்பு

பாப்பாவின் அப்பாவுக்கு,

சென்னையில் உங்கள் கண்காட்சிக்குப் போய்வந்த என் தம்பி, படங்களை போனில் காட்டினான். "அத்தான் இப்போ டேப்லெட்லதான் வரையறாரு, ஒரு பட்டனைத் தட்டினா உப்புப் பூத்த மாதிரி வந்துடுதுக்கா" என்றான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. குழாயில் தண்ணீர் வராத அந்தக் கோடையில், உப்பளத்துப் பாத்தித் தண்ணீரில் வண்ணம் குழைத்துப் பாப்பாவை வரைந்தீர்கள். காய்ந்ததும் கன்னமெல்லாம் உப்புப் பூத்தது. "பாழாப்போச்சு" என்று பிரஷ்ஷை வீசினீர்கள். அவள்தான், "நல்லாத்தான் இருக்குதுப்பா" என்றாள். அதற்கப்புறம் நீங்கள் நல்ல தண்ணீரைத் தொடவே இல்லை. அதுவே உங்கள் பாணியானது, பேரும் வந்தது.

இப்போது அந்தப் படத்தைக் கேட்கிறீர்கள். "அனுப்பு, ஸ்கேன் பண்ணி அந்தப் புள்ளியெல்லாம் கிளீன் பண்ணிடறேன்." விற்கிற படத்துக்கெல்லாம் பொய் உப்பு வேண்டும், பெற்ற மகள் முகத்தில் இருக்கிற நிஜ உப்பு மட்டும் அழுக்கா?

தர மாட்டேன். மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து, அவள் கன்னத்தில் நீராக வழிகிறது. அவளுடைய காரியம் முடிந்த மறுநாளே, கண் கலங்காமல் பஸ் ஏறினீர்கள். அவளுக்காக நீங்கள் இந்த வீட்டில் விட்டுப்போன கண்ணீர் அது ஒன்றுதான். அதையும் துடைத்துவிடப் பார்க்கிறீர்கள்.

இப்படிக்கு,
இன்னமும் பாப்பாவின் அம்மா