கப்பலில் இடமில்லை

அன்புள்ள மரியபுஷ்பத்துக்கு,

இறைவனின் இரக்கத்தால் நலமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி தணிந்ததா?

இந்தத் தீவில் பாம்பூஃப்ளாட் ஐஸ் ஆலையில் என் கணக்கு வேலை முடிந்துவிட்டது. பாஸ்கா திருநாளுக்கு ஊருக்கு வருவதாக உனக்கு வாக்களித்திருக்கிறேன். ஆனால் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்ன, நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மார்ட்டின், கேட்கும்போதெல்லாம் "ஷிப் ஃபுல் அண்ணாச்சி" என்கிறார். மாலையில் அவர் மகள் சுபிதாவுக்கும் தெருப்பிள்ளைகளுக்கும் கணக்கும் ஆங்கில இலக்கணமும் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் முடிந்த உடனே அவர் வீட்டிலிருந்து மீன்குழம்பு வந்துவிடுகிறது. பிறரை ஐயுறுவது பாவமென்று ஜெபித்தேன். ஐயம் தீரவில்லை.

நேற்று ஒரு கழித்தல் கணக்குக் கொடுத்தேன். மெயின்லேண்ட் போகும் கப்பலில் இத்தனை இருக்கை, ஏறியவர் இத்தனை பேர், மீதி எவ்வளவு என்று கேட்டேன். சுபிதா கழிக்கவே இல்லை.

"நெறைய எடம் இருக்கு தாத்தா. ஒங்களுக்கு மட்டுந்தான் இல்ல. பரீட்சை முடியிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காரு."

மார்ட்டினிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வகுத்தல் இன்னும் வரவில்லை; பாஸ்காவுக்கு வர இயலாது, பொறுத்துக்கொள். என் பழைய கண்ணாடியையும் நீ இடித்த மிளகாய்த்தூளையும் அனுப்பு.

பரீட்சைக்குப் பிந்திய கப்பலுக்கு டிக்கெட் எடுக்க இப்போது ஹேடோ துறைமுகத்துக்குப் புறப்படுகிறேன், படகு வந்துவிட்டது. மார்ட்டினுக்குத் தெரியாது. போனில் நீயும் சொல்லிவிடாதே.

உன்,
சூசைமரியான்