நாம ரெண்டு பேரும் கொங்சி

ஜூலை 10, வியாழன்

சாந்தினி போன் செய்தாள். கோலாலம்பூர் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு ஈப்போவுக்கே வந்துவிட்டாளாம்.

"சனிக்கிழமை சும்மாதானே இருக்க? ஓல்ட் டவுன்ல கடை கடையா ஏறி இறங்கலாம் லா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாதா? பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது கடைசி மேசையில் உட்கார்ந்து நாங்கள் போட்ட திட்டம். நான் கேக் சுடுவேன், அவள் கடையைப் பார்த்துக்கொள்வாள். ஜெலாப்பாங் ஃபேக்டரியில் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே போய்விட்டது. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற நாளை நினைத்தால் இப்போதே சிரிப்பு வருகிறது.

ஜூலை 11, வெள்ளி

மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டாச்சு. அவள் கேட்டவுடனே பல்லை இளிக்கக் கூடாது. கொஞ்சம் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 12, சனி

வயிறு எரிகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்ப்போம்.

மதியம் எங்கள் குனோங் ராபாட் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. முன் சீட்டில் இன்னொருத்தி. பெயர் தர்சிகா. சாந்தினியோடு அதே ஹோட்டலில் இருந்தவளாம். எந்த வேலை என்று கேட்டேன். கேக் பிரிவாம். கேக்! யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா டாக்டர், கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின்.

"நீங்க முன்னால வாங்கோ அக்கா" என்றாள், பெல்ட்டைக்கூடக் கழற்றாமல். நான் பின்னால் பைகளோடு ஏறினேன்.

ஓல்ட் டவுனில் நடக்க இடமில்லை. பீங்கான் தட்டுக் கடை, சோப்புக் கடை, பழைய பாட்டில் விற்கிற கடை. எந்தக் கடைக்குள் போனாலும் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். இந்த விளக்கு நல்லா இருக்கு, இந்த நாற்காலி எங்க வாங்கினாங்கன்னு கேளு. நான் ஒரு மேசையைக் காட்டினேன். "ம்ம்" என்றாள் சாந்தினி. அவ்வளவுதான்.

ஒரு காப்பிக் கடையில் ரப்பர் பால் பிடிக்கிற மங்குக்குள் செடி வைத்து அலங்காரம் செய்திருந்தார்கள். "ஐயோ, என்ன வடிவா இருக்கு!" என்று தர்சிகா படம் எடுத்தாள். வடிவாம் வடிவு. என் அம்மா அந்த மங்கைத் துடைத்துத் துடைத்துக் கை வெடித்தவள். சாந்தினியின் அம்மாவும் பால் மரம் சீவினவள்தானே, அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவளும் சேர்ந்து இளித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கடையிலேயே உட்கார்ந்தோம். நான் கை கழுவப் போய்த் திரும்பும்போது தூணுக்கு அந்தப் பக்கம் சாந்தினியின் குரல் கேட்டது.

"நாம ரெண்டு பேரும் கொங்சி. விமலாகிட்ட சொல்லாத. சொன்னா ஒத்துக்க மாட்டா."

அப்படியே நின்றுவிட்டேன். கொங்சி. கூட்டு சேர்ந்தாச்சு. கடை அவர்கள் இரண்டு பேருக்கும். அதை என்னிடம் பக்குவமாகச் சொல்லத்தான் இந்த ஊர் சுற்றல், இந்த விளக்கு, நாற்காலி எல்லாம். நான் என்ன கேனச்சியா?

மேசைக்கு வந்தேன். கஸ்டர்ட் வந்திருந்தது. எனக்குத் தனியாக ஒன்று, விருந்தாளிக்கு வைப்பது போல. அவர்கள் இருவருக்கும் ஒரே தட்டு, இரண்டு கரண்டி. அத்தனை ஒட்டுதல்! நான் தொடவே இல்லை.

"விமலா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொன்னேன்ல—"

"கடை விஷயமா? என்னை இழுக்காத லா. ஃபேக்டரியில என்னை சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்க. கேக் எல்லாம் சின்னப் பிள்ளையில பேசினது. அதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல."

சூப்பர்வைசரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

சாந்தினி கரண்டியைத் தட்டில் வைத்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"சரி லா" என்றாள். திரும்பும்போதும் நான் பின்னால் பைகளோடுதான் ஏறினேன்.

ஜூலை 13, ஞாயிறு

நல்லாச் சொன்னேன். அவள் என்னைக் கழற்றிவிடுவதற்கு முன்னால் நானே கழன்றுகொண்டேன். மானம் மிஞ்சியது.

மகேந்திரனிடம் சொன்னேன். "அவங்க கேக்கவே இல்லையே, அதுக்குள்ள ஏன் வேணாம்னு சொன்ன?" என்கிறார். புருஷனுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது.

ஜூலை 19, சனி

சாந்தினி இன்னும் ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை. நானும் போடவில்லை.

ஜூலை 26, சனி

தர்சிகா கூப்பிட்டாள். என் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது? வேறு எப்படி, சாந்தினிதான்.

"அக்கா, அண்டைக்கு கஸ்டர்ட் பிடிக்கேல்லையோ? ரெண்டே ரெண்டுதான் மிச்சம் இருந்தது. விமலாவுக்கு முழுசா ஒண்டு வேணும், நாம ரெண்டு பேரும் கொங்சி எண்டு சாந்தினி அக்கா சொன்னவ. நீங்க தொடவே இல்லை, அவவுக்கு மனசு கஷ்டமாப் போச்சு."

கஸ்டர்ட். ஒரு கஸ்டர்டைப் பங்கு போட்டுக்கொள்வதையா கொங்சி என்றார்கள்? ஐயோ என் புத்தியே!

அவள் பேசிக்கொண்டே போனாள். அவள் ஈப்போவுக்கு வந்தது லீவுக்குத்தானாம். திரும்பிப் போய் வேலையைப் பார்ப்பதாகத்தான் இருந்தாளாம். இப்போது சாந்தினி அவளைக் கடையில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"உங்கட இடம் அக்கா அது. அவ எப்பவும் உங்கட கேக்கைப் பற்றித்தான் கதைப்பா. நீங்க உண்மையாவே வேண்டாம் எண்டு சொன்னனீங்களோ? அப்படியெண்டாத்தான் நான் ஓம் சொல்லுவன்."

ஒரு வார்த்தை. இல்லை தர்சிகா, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் — அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, பதமாக, பணிவாக! என் இடத்தை அவள் எனக்கே தூக்கிக் கொடுப்பாளாம், நான் கையேந்தி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"உண்மையாத்தான் சொன்னேன் லா. நீ சேந்துக்கோ" என்றேன்.

அவள் தேங்க்ஸ் சொன்னாள், இரண்டு தரம்.

ஜூலை 27, ஞாயிறு

ஏன்டி விமலா? ஏன்டி?

ஆகஸ்ட் 9, சனி

கடை வாடகைக்குக் கிடைத்துவிட்டதாம். சாந்தினி படம் அனுப்பினாள், நாங்கள் மூன்று பேரும் இருக்கிற குரூப்பில். பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். ஒரு கட்டைவிரல் போட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று திறப்பு விழா. போகக் கூடாது என்றிருந்தேன், போனேன். மாலை போட்ட சாமி படம், வாசலில் பூந்தொட்டிகள், உள்ளே உட்கார இடமில்லை. சாந்தினி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அவள் கன்னமெல்லாம் மாவு. உடனே யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

தர்சிகா ஒரு துண்டு பட்டர் கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"சொல்லுங்கோ அக்கா. நீங்க சொன்னாத்தான் சரி."

வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. மேல்பக்கம் கூடுதலாகச் சிவந்து, காய்ந்து போயிருந்தது. அந்த ஓவனில் சூடு மேலே கூடுதலாக அடிக்கிறது, தட்டை ஒரு படி கீழே இறக்கினால் சரியாகிவிடும். நான் எழுந்து உள்ளே போய்க் காட்டினால் அடுத்த தட்டே பஞ்சு மாதிரி வரும்.

"அருமையா இருக்கு லா" என்றேன். "எதையும் மாத்தாத."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கௌண்டரைப் பார்த்து, "நல்லா இருக்காம்!" என்று கத்தினாள். அங்கிருந்து சாந்தினி என் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "பொய் சொல்லாத டீ" என்பாள். இன்றும் சொல்லிவிடுவாள் என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குக் காப்பி ஊற்றப் போய்விட்டாள்.