பாட்டு முடியும் முன் போட்ட சால்வை

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் ஜஸ்னாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, முகத்தைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உம்மாவின் போனிலிருந்து பேசினாலும், பக்கத்தில் நான் தொண்டையைச் செருமுவது கேட்டவுடன் கிளாஸ் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். சென்னைக்கு ஸ்பீட் போஸ்ட் எப்போது வந்து சேருமோ, அதற்குள் உன் கோபம் கொஞ்சம் ஆறினாலும் எனக்கு லாபம்தான்.

நடந்தது உனக்குத் தெரியும். மேடையில் நின்றவள் நீ. என் நாற்காலியிலிருந்து அது எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நியாயம் கேட்பதற்காக இல்லை. சொல்லாவிட்டால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இந்த ஊரில் துர்கா பூஜையா, மீலாது விழாவா, சர்ச் பெருநாளா, அரசாங்கக் கூட்டமா, எதுவானாலும் ஹபீப் பாய் மைக்செட்தான். நீ தவழ்ந்த வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் ஸ்பீக்கர்தான் கிடந்தது. அப்படிப்பட்டவனுடைய மகள் தீவுப் பிள்ளைகளைப் பாட வைத்து, ஊரைக் கூட்டிக் கச்சேரி வைக்கிறாள், மைக்கே வேண்டாம் என்கிறாள். குரல் அதுவாகவே காதுக்கு வரட்டும், நடுவில் கம்பி எதுவும் கூடாது என்றாய். சரி என்றேன். வாய்தான் சரி என்றது. மகள் மேடைக்கு என்னுடைய ஒரு ஒயர்கூட வேண்டியிருக்கவில்லையே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதை அன்றைக்கே உன்னிடம் கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய், அதோடு போயிருக்கும். கேட்கவில்லை.

ஒரு விழாவுக்கு வெறுங்கையோடு போய் உட்கார எனக்குத் தெரியாது. மேடையேறியவருக்குச் சால்வை போர்த்துவதுதானே நம் ஆட்களின் மரியாதை. தமிழ் மன்றத்துச் செயலாளர் பாலகுமாரிடம் சொன்னேன். சரிகைக் கரை போட்டதாக நல்ல சால்வை ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு புத்தியும் சொன்னார். முடிந்ததும் சட்டென்று ஏறிப் போர்த்திவிடுங்கள் பாய், கொஞ்சம் அசந்தால் பெரிய அதிகாரிகள் எல்லாம் எழுந்து காருக்குப் போய்விடுவார்கள், அப்புறம் யாருக்காகப் போர்த்துவது என்றார். அதனால்தான் மேடைப் படிக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்துப் பிடித்தேன். இந்த ஊர் பார்க்க வேண்டும், இவள் என் மகள் என்று தெரிய வேண்டும் என்ற ஆசை. வேறொன்றும் இல்லை.

கடைசிப் பாட்டு. எல்லாக் குரலும் மேலே மேலே ஏறிப் போய் ஒரே வெட்டாக நின்றது. உன் இரண்டு கையும் தூக்கியபடி நிற்கின்றன. ஒரு சத்தம் இல்லை. மைக்செட்காரனுக்கு மேடையில் சத்தம் நின்றால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று ஃப்யூஸ் போயிருக்க வேண்டும், அல்லது நிகழ்ச்சி முடிந்திருக்க வேண்டும். அங்கே போவதற்கு ஃப்யூஸே இல்லை. ஆகவே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஹாலில் ஒருவரும் கைதட்டவில்லை. என் பிள்ளை இவ்வளவு பாடுபட்டு முடித்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், ஒரு மனிதனுக்குக்கூடக் கைதட்டத் தோன்றவில்லையே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்துவிட்டேன்.

சால்வையைப் பிரித்து உன் தோளில் போட்டபோதும் நீ திரும்பவில்லை. அப்போதுதான் முதல் வரிசையில் இருந்த பெங்காலி அதிகாரி ஒருவர், 'சாச்சா, பைட் ஜாயியே, அபி கத்தம் நஹி ஹுவா' என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த நிசப்தத்தில் ஹால் முழுக்கக் கேட்டது. உட்காருங்கள், இன்னும் முடியவில்லை என்கிறார். உன் தம்பி தவ்ஹீத் ஓரத்தில் நின்று, 'வாப்பா, எறங்குங்க' என்று பல்லைக் கடித்தான். இறங்கினேன். நாற்காலிக்குப் போகக் கால் வரவில்லை. வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் விடாமல் பாடி முடித்தீர்கள் என்று உம்மா பிறகு சொன்னாள். நான் கேட்கவில்லை.

மறுநாள் நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது நான் குளியலறையில் இருந்தேன் அல்லவா, குளிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்றிருந்தேன். ஆட்டோ போன சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். பெற்ற மகள் முகத்தைப் பார்க்கப் பயந்து ஒளிந்துகொண்ட தகப்பன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊரைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது. யாரோ பின்வரிசையிலிருந்து எடுத்த துண்டு வீடியோ எல்லோர் போனிலும் சுற்றுகிறது. நேற்று பேம்பூஃப்ளாட்டில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கொண்டுபோகப் படகுக்காகச் சாத்தம் ஜெட்டியில் நின்றால், ஃபெர்ரி ஆட்கள் 'ஷால் பாய்' என்று கூப்பிடுகிறார்கள். இண்டர்வெலில் மாப்பிள்ளைக்கு ஷால் போட்டுவிடாதீர்கள் என்று ஒருவன் ஹிந்தியில் புத்தி சொல்கிறான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

இதெல்லாம் போகட்டும். உம்மாவிடம் நீ சொன்னதை அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். சொல்லாதே என்று நீ சொல்லியும் சொன்னாள், அவளைத் திட்டாதே. ஹங்கேரிக் கல்லூரிக்கு அனுப்பத்தான் அந்தக் கச்சேரியை வீடியோ எடுத்தீர்கள் என்பதோ, நீ கண்டக்டராக நின்று நடத்துவதை வெட்டாமல் ஒட்டாமல் முழுசாக இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்பதோ, அடுத்த வருடம் உனக்கு வயது தாண்டிவிடும் என்பதோ எனக்குத் தெரியாது. கேமராவைப் பார்த்தேன், ஏதோ கல்யாணக் கேமரா மாதிரி என்று விட்டுவிட்டேன். சால்வை போடும் இடத்தை மட்டும் வெட்டிவிட முடியாதா என்று தவ்ஹீதிடம் கேட்டேன். வெட்டியது தெரிந்தால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் வாப்பா என்று எரிந்து விழுந்தான்.

இனி அனுப்பப் போவதில்லை, சென்னையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராகச் சேர்ந்துவிடுகிறேன் என்றாயாம். கண்டக்டர் என்றால் சொந்தக்காரர்களுக்கு பஸ்தான் ஞாபகம் வரும் என்று, நீ படிக்கப் போன நாளிலிருந்து மியூசிக் டீச்சர் என்றே சொல்லி வந்தவன் நான். உனக்கும் அது தெரியும். சொன்ன பொய் இப்படியா பலிக்க வேண்டும்?

அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதே. பாடிய பிள்ளைகளைத் திரும்பக் கூட்டுவது என் பொறுப்பு. இந்தத் தீவுகளில் எனக்குத் தெரியாத ஜெட்டி இல்லை. மாதக் கடைசிக்குள் மறுபடி அதே ஹாலில் நிறுத்துகிறேன். நான் ஹாலுக்குள் வர மாட்டேன், அதற்கு உம்மா ஜாமீன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வாப்பா
ஹபீப் முகம்மது


டெய்ரி ஃபார்ம்
புதன்கிழமை

அன்பு மகள் ஜஸ்னாவுக்கு சலாம்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கேட்கவும் இல்லை. உம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தவ்ஹீத் என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறான், பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றித்தான்.

பிள்ளைகளைத் திரும்பக் கூட்டுகிறேன் என்று மார்தட்டினேன். முடியவில்லை. கார் நிக்கோபார் பிள்ளைகள் வர மனசாகத்தான் இருந்தார்கள். காற்று மோசமானதால் கப்பல் தேதியைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள், அதற்குள் அவர்களுக்குப் பரீட்சை வந்துவிடுகிறது. கச்சேரிக்கு வந்து வாசித்த சென்னை வயலின்காரர்கள் இருவருக்கும் வேறு கச்சேரிகள் இருக்கின்றனவாம். போனில் பேசினால் சாக்குச் சொல்வார்கள், நேரில் போனால் கண்ணைப் பார்த்து முடியாது என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைத்து, முதலில் ஹட் பே ஜெட்டிக்குக் கப்பலேறினேன். வழி முழுக்க வாந்தி. தீவில் இத்தனை காலம் இருந்தும் கடல் என்னை இன்னும் சொந்தக்காரனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

உன் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று பாடிய மீனா வீட்டுக்குத்தான் போனேன். அங்கன்வாடி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மாமா, அக்கா எங்களுக்கு அனுப்புன வீடியோவ நீங்க பாத்தீங்களா?' என்றாள். நான் பார்த்தது ஊரில் சுற்றும் துண்டு வீடியோ, அதில் என் முதுகும் சால்வையும்தான் தெரியும் என்றேன். போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போய்விட்டாள். அது உன் கேமராவில் எடுத்தது, பாடுகிறவர்களுக்குப் பின்னாலிருந்து.

ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உன் முதுகுதானே தெரியும். வேலை செய்யும்போது உன் முகத்தை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. எல்லோரும் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள், நீ சும்மா கையைத்தானே ஆட்டுகிறாய், இதற்கு ஒரு படிப்பா என்று உன்னைக் கேட்டவன் நான். அந்த முகத்தைப் பார்த்தவன் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். அடுத்து யார் வர வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்பே நீ மூச்சை இழுத்துக் காட்டுகிறாய். ஒருவன் தடுமாறினால் புருவத்தால் தூக்கிவிடுகிறாய்.

பிறகு அந்த இடம் வந்தது. போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். வைக்கவில்லை. பாட்டு நிற்கிறது, உன் கை மேலே நிற்கிறது. உனக்குப் பின்னால் ஒரு கிழவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்திக்கு முந்துகிறவன் மாதிரி ஏறி வருகிறான். தோளில் சால்வை விழுகிறது. உன் கண் ஒரு தரம் மூடித் திறந்தது, அவ்வளவுதான். கை இறங்கவில்லை. கிழவன் திருதிருவென்று விழிக்கிறான், திரும்புகிறான், படியைத் தடவித் தடவி இறங்குகிறான். அவன் கீழே இறங்கி முடிக்கும்வரை நீ அந்தக் கையை அப்படியே வைத்திருந்தாய். பிறகுதான் அசைத்தாய். அத்தனை குரலும் ஒன்றாக எழுந்தன, ஒரு பிள்ளைகூட முந்தவில்லை, ஒரு பிள்ளைகூடப் பிந்தவில்லை.

டீக்கடைக்குப் பின்னால் நின்று தவறவிட்ட பாட்டை ஹட் பேயில் உட்கார்ந்து கேட்டேன். அழுதுவிட்டேன். மீனாவின் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மீனாதான் சொன்னாள்: 'கரண்டு போனாலும், ஃபேன் கழண்டு விழுந்தாலும் என் கைய மட்டும் பாருங்கன்னு அக்கா சொல்லியிருந்தாங்க மாமா. நீங்க ஏறுனது எங்களுக்குத் தெரிஞ்சுது. அக்கா கை அசையல, அதான் நாங்களும் அசையல.' கழன்று விழுந்த ஃபேன் கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டாள், சேர்த்தது சரிதான்.

எனக்கு உன் சங்கீதம் தெரியாது. மேடை தெரியும். மைக் கரகரத்தால் பேச்சை மறந்த தலைவர்களையும், ஸ்பீக்கர் ஊளையிட்டதற்கு மேடையிலேயே என்னைத் திட்டிய பாடகர்களையும் பார்த்தே நரைத்தவன். அவ்வளவு பெரிய கோளாறு நடக்கும்போது அசையாமல் நின்று, அத்தனை பேரையும் அசையாமல் நிறுத்தி வைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கல்லூரிக்காரர்களும் பார்த்திருக்க மாட்டார்கள், வேலை தெரிந்தவர்களாக இருந்தால் அது அவர்கள் கண்ணில் படும். அந்த வீடியோவையே அனுப்பு.

நீ ஏன் அனுப்பவில்லை என்பது கப்பலில் திரும்பும்போது எனக்குப் புரிந்தது. பாட்டில் ஒரு குறையும் இல்லை. அதில் நான் இருக்கிறேன். இந்தப் பட்டிக்காட்டு வேலையைச் செய்த ஆள் யார் என்று கேட்டால் என்ன பதில் எழுதுவது என்று கூசுகிறாய். கூசு, தப்பில்லை. உன்னை என்னவென்று சொல்வது என்று நான் எத்தனை வருடம் கூசினேன்.

கேட்டால், அவர் அந்த ஊர் மைக்செட்காரர், விவரம் தெரியாமல் ஏறிவிட்டார் என்று எழுதிவிடு. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வாப்பா என்று எழுத வேண்டாம். இன்ஷா அல்லாஹ் நீ அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் யாரிடமும் சொல்ல வேண்டாம். எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை, அல்லாஹ் அறிவான்.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அனுப்பிவிட்டதாக உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல், போதும். எனக்குச் சொல்ல வேண்டும் என்றில்லை. அந்தக் கைக்கு எந்தக் கண்ணும் படாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

இப்படிக்கு
ஹபீப் முகம்மது
மைக்செட், டெய்ரி ஃபார்ம்