ஒரு தாள், இரு பக்கம்

மார்ச் 3
பாய்லர் இயக்கும் உரிமத் தேர்வு எனக்கு இது மூன்றாவது முறை. இதற்குமேல் எழுத விடமாட்டார்கள். நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தை மூடுகிறார்கள். உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் புதுக் கட்டடத்தில் வேலை. தேர்வுக்கு ஒரு தாள் குறிப்பு கொண்டுபோகலாம். இரு பக்கமும் எழுதலாம், சொந்தமாக. "ஒரே மாதிரி ரெண்டு தாள் இருந்தா ரெண்டையும் பிடுங்கிருவாங்க" என்று வகுப்பெடுப்பவர் சொல்லிவிட்டார்.

மார்ச் 5
நீர்மட்டம், பாதுகாப்பு வால்வு, அழுத்தம் — எதை விடுவது? எல்லாவற்றையும் திணித்ததில் எழுத்து எறும்பாகிவிட்டது. எனக்கே படிக்க வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

மார்ச் 6
மறுபடியும் கிழித்தேன்.

மார்ச் 9
ஒருவழியாக முடிந்தது. படமாகவே வரைந்துவிட்டேன்: தண்ணீர் குறைந்தால் எதை முதலில் நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது.

மாலையில் நாத்தனார் வந்தாள். அவளும் சலவைக்கூடம்தான், அதே தேர்வுதான். அவளுக்கு முதல் முறை. அவள் தாளில் தலைப்பு மட்டும் இருந்தது.

"அண்ணி, தலைக்குள்ள ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது. உங்களோடத ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்."

என் பிரசவத்தில் கூடவே கிடந்தவள். எப்படி மறுப்பது? கொடுத்துவிட்டேன்.

மார்ச் 10
பாத்துட்டுத் தரேன்னுதானே சொன்னா. ஏன் இன்னும் தரல? போன் எடுக்க மாட்டேங்கிறா. இவரிடம் சொன்னால், "என் தங்கச்சி அப்படியெல்லாம் செய்யமாட்டா" என்கிறார். எப்படியெல்லாம் என்று நான் சொல்லவே இல்லையே.

மார்ச் 11
தேர்வு. வாசலில்தான் தாளைத் தந்தாள், முகம் பார்க்காமல்.

மேற்பார்வையாளர் அவள் தாளைப் பார்த்தார். பிறகு என்னுடையதை. என் படம், என் அம்புக்குறி, நான் அடித்துத் திருத்திய இடம்கூட அப்படியே.

"யாரைப் பாத்து யார் எழுதினது?"

இரண்டையும் எடுத்துக்கொண்டார். போச்சு. எல்லாம் போச்சு.

அவள் எழுந்தாள். "நான்தான் சார் பாத்து எழுதினேன். அண்ணிக்குத் தெரியாது."

அவளை வெளியே அனுப்பினார்கள். என் தாள் திரும்பி வந்தது. மணி அடிக்கும்வரை எழுதினேன். எதை எழுதினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

மார்ச் 29
தேறிவிட்டேன். இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். நானும் சந்தோஷப்படவில்லை.

ஏப்ரல் 20
புதுக் கட்டடத்தில் வேலை முடிந்து நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வேலை போய்விட்டது. மறுபடி தேர்வெழுத மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். சமையலறை மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சட்டென்று கையால் மறைத்தாள்.

"பாக்காதீங்க அண்ணி. இது என்னோடது."

நான் டீ போடப் போனேன்.